தராசு அண்ணையின் பத்துத் தோட்டா

மாண்ட்ரீல் தீவிலேயே மிகக் குறைவாகச் சுட்ட துப்பாக்கிக்காரர் தராசு அண்ணைதான். கையால் தோட்டா செய்கிறவர்கள் ஒரே மாலையில் நூறு செய்துவிட்டு எழுந்து போவார்களாம். இவருக்குப் பத்து முடிக்க ஒரு குளிர்காலமே ஆயிற்று.

இரண்டாயிரங்களின் நடுவில், அந்தத் தீவின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். நான் சென்னைக் கம்ப்யூட்டர்காரன். அவர் யாழ்ப்பாணம், பேக்கரியில் வேலை. மாவு மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் போயிருந்தது. துப்பாக்கி ஒரு தரம் உதைத்தால் மூன்று நாள் சட்டை மாட்ட முடியாது.

"இன்னொருக்கா நோகுது எண்டு வந்தீங்களோ, அந்தச் சாமானை வித்துப்போடுவன்" என்று அவர் மனைவி, எனக்கு அக்கா, சொல்லிவிட்டார். துப்பாக்கி சுடும் கிளப்பிலோ, ஏப்ரல் போட்டிக்கு வராதவருக்கு அணியில் இடமில்லை. அந்த அணியில் இருந்த ஒரே தமிழர் இவர். மனுஷருக்கு அதில் பெரிய பெருமை.

வழி கண்டுபிடித்தார். வழக்கமான குண்டில் பாதி எடைகூட இல்லாத குட்டி ஈயக்குண்டு, அதற்கேற்றபடி துளியூண்டு வெடிமருந்து. உதையே தெரியாது. "மானுக்கு இது காணாது தம்பி, கடதாசிக்குக் காணும்" என்பார். அவர் ஆயுளில் சுட்டதெல்லாம் இலக்குக் கடதாசிதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் துளி மருந்து தோட்டாவின் பித்தளைக் கோதின் அடியில் எங்கோ கிடக்கும். தவறி இரண்டு தரம் போட்டாலும் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே வெடித்தால்தான் தெரியும். ஆகவே அவர் மருந்தை நிறுக்கத் தராசு முன் உட்கார்ந்தால் வீட்டில் மூச்சு விடக்கூடாது. சத்தம் கேட்டால் செய்த அத்தனையையும் பிரித்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். தபால்காரர் "போன்ஜூர்" என்றார், ஆறு போயிற்று. அக்கா தும்மினார், எட்டு போயிற்று.

"தும்மினாலும் குற்றமோ?" என்று அக்கா கத்தினார்.

"இதுக்குப் போட்டனோ, அடுத்ததுக்குப் போட்டனோ? ஆருக்குத் தெரியும்?" என்றார் இவர், அமைதியாக.

போட்டிக்கு முதல் நாள் ஒருவழியாகப் பத்தும் முடிந்தன. பெண் பார்க்க வந்தவர் மாதிரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காரில் ஏறியதும் அண்ணை இஞ்சினைக் கிளப்பினார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நேத்து நீங்க பாத்ரூம் போனப்போ டீ கிளாஸ் வைக்க இடம் பண்ணினேன். ரெண்டு கோது சாய்ஞ்சு மருந்து கொட்டிடுச்சு. அள்ளித் திரும்பப் போட்டுட்டேன். எதுல எவ்வளவு போட்டேன்னு தெரியல. ஆனா சத்தியமா வாயே திறக்கலண்ணே!"

அண்ணை இஞ்சினை அணைத்தார். உள்ளே போய், குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்துப் பத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தார். ஒரு குளிர்காலம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"கடைத் தோட்டா வாங்கிட்டுப் போலாமே?" என்றேன்.

"தோள்?" என்றார் அக்கா.

அணியில் இடம் போயிற்று. பிறகும் கிடைக்கவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ஒரு வார்த்தை திட்டலாமே அண்ணே?"

"ஏன் திட்டோணும்? சொன்னீர்தானே. நான் சுடேக்க பக்கத்தில நிண்டு பைனாகுலரில பாக்கிறது நீர். அணி போனாப் போகட்டும். உம்மட கண் போயிருந்தா நான் எங்க போய் வாங்கிறது?"

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்தது அன்றோடு சரி.