ஐந்து அந்நியர், ஒரே அடுப்பு

“எங்க வாடகை வீட்டுல அஞ்சு பேர் இருக்காங்க, மேடம். ஒருத்தருக்கொருத்தர் முன்னப்பின்ன தெரியாதவங்க. ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. வந்த நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு கரண்டி இன்னொரு கரண்டியோட உரசினது கிடையாது!”

மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்காரர் இப்படிச் சொன்னது ஒரு நகராட்சி அதிகாரியிடம். அந்த அம்மாள் வந்திருந்ததோ பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாயை அளக்க. அளந்தோமா, போனோமா என்றிருந்தவரை வலியக் கூப்பிட்டுப் பெருமை பேசினார் நம்மவர்.

“நம்பாதீங்க மேடம்,” என்று ஜன்னல் வழியாக அவர் மனைவியின் குரல் வந்தது. “எங்க வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். உப்பு டப்பாவை யார் நகர்த்தினதுன்னு போன வாரம் பூரா பேச்சுவார்த்தை இல்ல. அஞ்சு பேராம், ஒரே அடுப்பாம், சண்டையே இல்லையாம்! தலைகீழா நின்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.”

ஆனால் அதிகாரி நம்பிவிட்டார். வினையே அங்கேதான் தொடங்கியது.

“அஞ்சு பேரும் சொந்தக்காரங்க இல்லையா சார்?”

“சொந்தமா? ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். முகத்தைப் பார்த்தாலே ஆள் யாருன்னு சொல்லிடுவேன். குடும்பம்னு வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன். குடும்பம்னா சண்டை. சண்டைன்னா தட்டு பறக்கும். தட்டு பறந்தா என் சுவர்ல சுண்ணாம்பு போயிடும்.”

“அப்போ லைசென்ஸ் எங்கே?”

“எதுக்கு லைசென்ஸ்?”

“உறவில்லாத அஞ்சு பேர் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகிட்டா வீட்டுக்காரர் லைசென்ஸ் வாங்கணும். ஒவ்வொரு அறைக்கும் தீயைத் தடுக்கற கதவு, புகை வந்தா கத்தற அலாரம், அறைக்கு இவ்வளவு அகலம்னு கணக்கு, எல்லாம் இருக்கு. அடுத்த மாசம் வந்து பார்ப்பேன். சரியில்லைன்னா யாராவது வெளியே போக வேண்டியிருக்கும்.”

“ஒரே குடும்பமா இருந்தா?”

“அதுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?”

வீட்டுக்காரருக்கு மூளையில் பளிச்சென்று விளக்கெரிந்தது. நேரே வாடகை வீட்டுக்குப் போய் ஐந்து பேரையும் சமையலறையில் கூட்டினார். லாரி டிரைவர், நர்ஸ், உடற்பயிற்சிக் கூடத்துப் பயில்வான், ஒரு வாட்ச்மேன், சந்துப் பக்கச் சின்ன அறையில் இருக்கும் தையல்காரம்மா.

“ஒரே ஒரு உதவி. அந்த அம்மா வர்ற அன்னிக்கு மட்டும் நீங்க அஞ்சு பேரும் ஒரு குடும்பம்னு சொல்லணும்.”

ஐந்து முகங்களும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துப்போயின.

“குடும்பமா? நாங்களா? யார் சார் உங்ககிட்ட சொன்னது?” டிரைவருக்கு நாக்கு குழறியது.

“இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது,” என்று தையல்காரம்மாவைக் காட்டினார் வாட்ச்மேன். “பேர் கூடக் கேட்டதில்ல.”

“எனக்கு மட்டும் உங்களைத் தெரியுமாக்கும்!” என்று வெடுக்கென்றாள் தையல்காரம்மா.

“நாங்க அந்நியர்தான் சார், சத்தியமா அந்நியர்,” என்று பயில்வான் கும்பிட்டே விட்டான்.

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. ஒரு நாள் கூத்துக்குக்கூடப் பொய் சொல்ல வராத ஜன்மங்கள்! இப்பேர்ப்பட்டவர்களுக்காக லைசென்ஸ் வாங்கியே தீருவது என்று கிளம்பினார்.

முதலில் கதவுகள் வந்தன. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகள். ஒவ்வொன்றையும் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. அவை சாத்திக்கொண்ட சத்தத்தில் அடுத்த தெருவில் ஒருவருக்குப் பல்செட் கழன்று விழுந்ததாகக் கேள்வி. பயில்வான் ஒருத்தனால்தான் அவற்றைத் திறக்க முடிந்தது. மற்ற நாலு பேரும் அவன் வேலையிலிருந்து திரும்பும்வரை அவரவர் அறையில் கைதிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

“இது தீயைத் தடுக்கற கதவா, ஆளைத் தடுக்கற கதவா?” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு.”

கதவின் விசையைத் தளர்த்தினார். இப்போது அது பாதி சாத்தி, யோசித்து, நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாகச் சமையல் புகை கூடத்துக்கு வந்தது. கூடத்தில்தான் புது அலாரம். தண்ணீர் கொதித்தாலே கத்தியது. நர்ஸ் வெந்நீர் போட்டதற்குத் தீயணைப்பு வண்டி வந்து, அடுப்போடு நர்ஸையும் நனைத்துவிட்டுப் போனது.

அலாரத்தை நடைபாதைக்கு மாற்றினார். நடைபாதையைப் பார்த்த தச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

“அலாரம் இருந்து என்ன சார், சுவர் மெல்லிசு. ரெண்டு பக்கமும் தீ பிடிக்காத பலகை அடிச்சாத்தான் பாஸ் பண்ணுவாங்க.”

“அடிங்க! வீடு பூரா அடிங்க! என்னையும் சேர்த்து அடிங்க!”

அடித்தார்கள். நடைபாதை பார்க்க லட்சணமாக இருந்தது. பலகையின் தடிமன் சந்துப் பக்க அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தையல்காரம்மா மட்டும் தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்கப் பழகியிருந்தாள்.

அடுத்த மாதம் அதிகாரி வந்தார். கதவைத் தள்ளினார், தலையாட்டினார். அலாரத்தை அழுத்தினார், காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். வீட்டுக்காரர், பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் மாதிரி, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி சந்துப் பக்க அறையில் நாடாவை விரித்தார்.

“இந்த அறை ரெண்டு விரல் குறையுது சார்.”

“ரெண்டு விரல்தானே மேடம்! அந்தம்மா ஒல்லிதான்!”

“சட்டத்துக்கு ஒல்லி, குண்டு தெரியாது. இந்த அறையில யாரும் தங்கக் கூடாது. ஒருத்தர் போயிட்டா மிச்சம் நாலு பேர்தான். அப்புறம் லைசென்ஸே தேவைப்படாது. இவங்களைக் காலி பண்ணச் சொல்லிடுங்க.”

வீட்டுக்காரர் தையல்காரம்மாவைப் பார்த்தார். நல்ல மனுஷி, பொய் பேசாதவள். வேறு வழியும் தெரியவில்லை. “தையல்காரம்மா,” என்று இழுத்தார், “மனசுல வச்சுக்காதீங்க. வேற இடம் பாருங்க.”

தையல்காரம்மா மெஷின்மேல் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். நர்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அத்தை எங்கேயும் போக வேண்டாம்! என் அறையில படுத்துக்கட்டும்!”

“அத்தையா?” என்றார் வீட்டுக்காரர்.

“எங்கம்மா சார், இவளுக்கு மாமியார்,” என்றான் டிரைவர், நர்ஸைக் காட்டி.

“எனக்கும் அம்மாதான்,” என்றான் பயில்வான்.

வாட்ச்மேன் கனைத்துக்கொண்டார். “என் சம்சாரம்தான் சார். பேர் தெரியாதுன்னு சொன்னது பொய். அஞ்சு பேருக்குப் பத்தற மாதிரி ஊர்ல வேற வீடே இல்ல. நீங்களோ குடும்பம்னா விடமாட்டேன்னுட்டீங்க. அதான் ஒவ்வொருத்தரா, வேற வேற நாள் வந்து சேர்ந்தோம். போன மாசம் ‘குடும்பம்னு சொல்லுங்க’ன்னு நீங்க வந்து நின்னப்போ, போட்டு வாங்கறீங்கன்னு பயந்துட்டோம்.”

அதிகாரி நாடாவைச் சர்ரென்று சுருட்டிக்கொண்டார். “ஒரே குடும்பமா? அப்போ கதவு, அலாரம், பலகை எதுவுமே தேவையில்லையே சார்.”

வீட்டுக்காரர் தீ பிடிக்காத பலகையில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

“குடும்பம்ங்கறீங்க. சரி. சண்டை? ஒரு சத்தம் கூட நான் கேட்டதில்லையே!”

“அதை ஏன் கேக்கறீங்க,” என்றாள் தையல்காரம்மா, துணியைத் திரும்பப் பிரித்துக்கொண்டே. “பழைய வீட்டுல எங்ககிட்ட உடையாத தட்டே கிடையாது. இங்க வந்து அந்நியரா நடிக்க ஆரம்பிச்சோம். அந்நிய மனுஷன்கிட்ட ‘வாயை மூடு’ன்னு சொல்ல முடியுமா? ‘கொஞ்சம் நகர்றீங்களா’ன்னுதானே கேக்கணும். நாக்கு அப்படியே பழகிடுச்சு.”

எல்லோரும் வாசலில் நின்ற வீட்டுக்காரரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஐந்து பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். சமையலறைக்குள் போய் அலமாரியில் முழுசாக அடுக்கியிருந்த தட்டுகளைத் தடவிப் பார்த்தாள்.

“ஒத்துக்கறேன்,” என்றாள் கடைசியில். “அஞ்சு பேர், ஒரே அடுப்பு, சண்டையே இல்ல. அதுவும் சொந்தக்காரங்க! நிஜமாவே நடந்திருக்கு.”

பிறகு வழியில் நின்ற தன் கணவரிடம் மிகுந்த மரியாதையுடன் திரும்பினாள்.

“கொஞ்சம் நகர்றீங்களா, சார்?”