எண்ணெய்க் கையும் எட்டாத குரங்கும்

கோபத்தை அடக்குவது எப்படி என்று ஊருக்குச் சொல்லித்தரப் போய், ஊரே பார்க்கக் கத்தித் தீர்த்தவன் நான். இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி செல்வி சொல்லிவிடுவாள், கூடவே நடித்தும் காட்டுவாள்.

சில வருடங்களுக்கு முன்பு தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் ஓர் இளைஞர் மனநல மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் வந்து மனம்விட்டுப் பேசலாம் என்று ஏற்பாடு. மூன்று சனிக்கிழமை ஆகியும் நானும் நாற்காலிகளும்தான் பேசிக்கொண்டிருந்தோம். மையத்தை நடத்தும் மேடம் கூப்பிட்டார். "இந்த வாரமும் யாரும் வரலன்னா கூட்டத்த நிறுத்திருவோம் தம்பி. உங்களுக்கும் வேற வேலை பாத்துக்கிடுங்க."

அன்று இரவே எனக்கு ஞானம் பிறந்தது. ரீல்ஸ்! பிள்ளைகள் எல்லாம் அங்கேதானே கிடக்கிறார்கள்? ஒரே வீடியோ, தென்காசியே திரும்பிப் பார்க்கும். (பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

மறுநாள் குற்றாலத்தில் நல்ல சாரல். எண்ணெய் தேய்க்கும் இசக்கி அண்ணாச்சியிடம் போனேன். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு, பின்னால் அருவிச் சத்தம், முகத்தில் சாந்தம். ஆகா! போனை அண்ணாச்சி கையிலேயே கொடுத்தேன். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். ஆனால் முப்பது வருட எண்ணெய் ஒரு துடைப்பில் போகுமா? விரல் வழுக்கி எதையோ அமுக்கிவிட்டது.

"தம்பி, மேல செவப்பா என்னமோ எழுதிருக்கு."

"அது பதிவாகுதுன்னு அர்த்தம் அண்ணாச்சி."

"கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கு. பக்கத்துல நம்பர் ஏறிக்கிட்டே போவுதே?"

"செகண்டு ஓடுது. நீங்க ஆட்டாமப் பிடிங்க."

எவ்வளவு தெளிவு பாருங்கள் எனக்கு! மையத்தின் ரீல்ஸ் பக்கத்தில் நேரலை போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள், மேடம் பார்க்கிறார், செல்வியும் பார்க்கிறாள்.

"கோபம் வரும்போது மூச்சை மெதுவா இழுத்து, நாலு வரைக்கும் எண்ணுங்க. ஒண்ணு..." போன் அடித்தது. செல்விதான்.

"கட் பண்ணுங்க அண்ணாச்சி! ரம்புட்டான் வாங்கியாச்சான்னு கேக்கத்தான் கூப்பிடுதா. காலையில இருந்து நொய் நொய்யின்னு உயிர வாங்குதா!"

அண்ணாச்சி கட் பண்ணினார். நான் மீண்டும் சாந்தமானேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு, நான் வாங்கி ஓரமாக வைத்திருந்த ரம்புட்டான் பழப் பையைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறியது.

"ஏலே! கீழ போடுலே! என் பொண்டாட்டிக்கு வாங்குனதுலே! இறங்குலே, நாசமாப் போறவனே!"

துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் குதிக்கிறேன். குரங்கு நிதானமாகத் தோலை உரித்து என் தலையில் போடுகிறது. அண்ணாச்சி கடமை தவறாமல் போனை என் பின்னாலேயே திருப்புகிறார். செல்வி நான்காவது முறை கூப்பிட்டபோதுதான் எடுத்தேன். "லைவுல போவுது! உள்ள போய்ச் சட்டையப் போடுங்க மொதல்ல!"

அப்போது எனக்கு வந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

சனிக்கிழமை, ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். வாசலில் செருப்புகள்! பதினோரு பேர். மேடம் இடம் போதாமல் பக்கத்து அறை நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்.

"கிண்டல் பண்ண வந்தியளா?" என்று கேட்டேன்.

கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "இல்ல சார். எனக்கும் அப்படித்தான் கோவம் வருது. வீட்டுல தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கேன். அமைதியாவே பேசுதவங்ககிட்ட அத எப்படிச் சொல்ல? நீங்க குதிச்சதப் பாத்தப்புறந்தான் தைரியம் வந்துட்டு."

கடிதத்தை நான்காக மடித்து, அவளுக்கு வைத்த டீ டம்ளருக்கு அடியில் போட்டேன்.

கூட்டம் இன்றும் நடக்கிறது. நானும் இருக்கிறேன். வீட்டில் நான் குரல் உயர்த்தினால் போதும், செல்வி போனை எடுத்து என் பக்கம் திருப்புகிறாள். என் நான்கு வயது மகள் ஓடி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணுகிறாள். நாலு வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.