குழாய்க்குள் கேட்ட பாங்கு

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், ஞாபகமும் இடையிடையே கைவிட்டுவிடும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் ஈரலில் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். கெட்டதா இல்லையா என்று பார்க்க, மகள் நஸீமா கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து என்னை டவுனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெரிய காந்தக் குழாய். (எம்.ஆர்.ஐ. என்கிறார்கள்.) முக்காட்டில் ஊசி குத்தியிருந்ததால், படம் எடுக்கும் பிள்ளை முக்காட்டையே கழற்றச் சொன்னாள். தலை திறந்து படுக்க எனக்கு ஒரே கூச்சம்.

"அம்மா, இந்த மருந்து ரத்தத்தோட போய், நோயுள்ள இடத்தில இருக்கிற ஒரு மூலக்கூறைத் தேடிப் பிடிச்சு ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடம் படத்தில வெள்ளையாத் தெரியும். அசையக் கூடாது" என்றாள் அந்தப் பிள்ளை.

"ஒட்டாட்டி, மகள்?"

"ஒட்டாட்டி நல்லம்."

மருந்து கைவழியே குளிராக ஏறியது. குழாய் டக்டக்கென்று இரைந்தது, பாலம் வருமுன் எங்களை அக்கரை சேர்த்த படகின் இன்ஜினைப் போல. கண் செருகியது. எனக்குள்ளே ஒரு வெள்ளைத் தோணி போகிறது. ஒவ்வொரு துறையாக எட்டிப் பார்க்கிறது. கரையில் நின்று நான் கெஞ்சுகிறேன்: இங்கே கட்டாதே, அப்படியே கடலுக்குப் போய்விடு.

அந்த நேரம், காதில் மாட்டிவிட்டிருந்த ஹெட்போனுக்குள் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸீமாவின் கைப்பையில் கிடந்த, நேரத்துக்கு நேரம் பாங்கு சொல்லும் என் போன், அந்தப் பிள்ளை என்னோடு பேச மைக்கைத் திறந்த நேரம் பார்த்து நடுப்பகல் லுஹருக்கு அழைத்துவிட்டது. பாங்கு கேட்டால் முக்காட்டை இழுத்துவிடுவது சின்ன வயதுப் பழக்கம். கை தானாக எழும்பி இல்லாத முக்காட்டைத் தேடியது. அகப்படாததால் மேலே கிடந்த போர்வையை உருவி முகத்தோடு மூடிக்கொண்டேன். (மையித்து மாதிரி, பிணம் போல.)

"ஐயோ அம்மா, அசையாதீங்க!"

"பாங்கு சொல்லுது மகள், தலை திறந்து கிடக்கு!"

நான் அசைந்ததில் திரையில் எனக்கு இரண்டு ஈரல் தெரிந்ததாம்.

"இதை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. மருந்து கலைய முந்தித் திரும்ப எடுக்கவேணும்" என்றாள் அந்தப் பிள்ளை. நஸீமாவின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளை ஒரு துணியால் என் தலையை நெற்றிவரை சுற்றிக் கட்டினாள்.

"இனி உங்கட கைக்கு வேலையில்லை."

கல்லாகக் கிடந்தேன்.

மருந்து எங்கேயும் ஒட்டவில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். நஸீமா அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது பெருநாளைக்கு இறைச்சி பரிமாறும்போதெல்லாம் மருமகன் தொடங்கிவிடுவார்: "மாமிக்கு ஈரல் வைக்காதீங்க, அவவுக்கு இருக்கிறதே ரெண்டு!"

மருந்து ஒட்டுகிற கதையை நான் பிழையாக எழுதியிருக்கலாம். அந்தப் பிள்ளை இதை வாசித்தால் தயவுசெய்து சரிபார்த்துத் திருத்திவிடட்டும்.