யாருக்கும் இல்லாத பேரு

மகள் பிறந்த அன்று வசந்தகுமார் ஒரு சபதம் எடுத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ரோடு மலையேறும் இடம் தொடங்கி, அந்தப் பக்கம் கூடலூர் தாண்டி இறங்கும் இடம் வரை, யாருக்கும் இல்லாத ஒரு பேரைத்தான் தன் மகளுக்கு வைப்பது. சபதம் எடுத்தபோது அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தான். வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் அவன் எதையாவது கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எடுத்திருக்கிறான்.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. குன்னூர் பக்கம் அவன் வேலை பார்த்த எஸ்டேட்டில் வசந்தகுமார்கள் மூன்று பேர். ஒருவன் லாரி ஓட்டினான். அவன் லாரி வசந்தகுமார். ஒருவன் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தான். அவன் பாய்லர் வசந்தகுமார். நம் ஆள் ஃபேக்டரி வாசலில் டூரிஸ்ட்டுகளுக்கு டீத்தூள் விற்கும் கடையில் இருந்தான். கடை வசந்தகுமார் என்று கூப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

"எந்த வசந்தகுமாரு, லாரியா?"

"இல்லீங்க."

"பாய்லரா?"

"இல்லீங்க."

"ஓ, இன்னொருத்தனா."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் இன்னொருத்தன். அவன் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தனுப்பிய குக்கர் பேர் குழப்பத்தில் பாய்லர் வீட்டுக்குப் போய், இன்றைக்கும் அங்கேதான் விசில் அடிக்கிறது. தன் மகளுக்காவது இந்தக் கதி வரக் கூடாது என்று அவன் நினைத்ததில் தப்பே இல்லை.

அவன் மனைவி மாலதிக்கு வேறு ஆசை. அவளுடைய அம்மா சேரம்பாடியில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். போன தை மாதம்தான் தவறிப்போனார். பேத்தியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பேரையாவது வைக்கலாமே என்று மாலதி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாள். அந்த அம்மாள் பேர் மூக்கம்மா.

வசந்தகுமார் சிரித்துவிட்டான். இந்தக் காலத்தில் மூக்கம்மா என்று பேர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மூக்கைப் பிடித்தே கேலி செய்து, வெட்கத்தில் முக்காடு போட வைத்துவிடுவார்கள் என்றான். மாலதி "சரிங்க" என்றாள். அவள் வாதாடினால் பயமில்லை. அழுதால்கூடச் சமாளிக்கலாம். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால்தான் ஆபத்து. கல்யாணமான இத்தனை வருஷத்தில் வசந்தகுமார் இதைக் கற்றிருக்க வேண்டும். அவன் படிப்பில் எப்போதுமே சுமார்தான்.

பேர் அவன் கடைக்கே நடந்து வந்தது. மழை ஊற்றிய ஒரு மத்தியானம், மலை ரயிலைத் தவறவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் நனைந்துபோய் உள்ளே வந்தாள். இங்கிலாந்தா என்று கேட்டான். இல்லை, வேல்ஸ் என்றாள் கொஞ்சம் விறைப்பாக. பக்கத்து நாடுதான், ஆனால் பாஷையே வேறு என்றாள். மலை, மழை, குளிர், ஆடு, எந்நேரமும் டீ. கேட்கக் கேட்க அவனுக்கு அது அக்காவைக் கட்டிக்கொடுத்த எமரால்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் போலத் தோன்றியது. அவள் பேர் செரன். அவர்கள் பாஷையில் நட்சத்திரம் என்று அர்த்தமாம்.

ரொம்பப் பழைய பேர் இல்லை என்றும் அவளே சொன்னாள். அவளுடைய அம்மாவின் அம்மா காலத்தில் அது வானத்தில் இருப்பதைச் சொல்லும் சாதாரண வார்த்தைதான். அப்புறம் யாரோ பிள்ளைக்கு வைக்க, பார்த்தவர்கள் எல்லாம் வைக்க, இப்போது அங்கே ரோட்டில் நின்று செரன் என்று கூப்பிட்டால் ரெண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். நல்ல பேர் ஒரு ஊருக்குள் வந்துவிட்டால் அப்படித்தான், பரவிவிடும் என்றாள். அந்தக் கடைசிப் பேச்சை வசந்தகுமார் காதில் வாங்கியிருக்கலாம். ஆனால் அவன் நட்சத்திரத்திலேயே நின்றுவிட்டான். ஏலக்காய் டீ ஒரு பாக்கெட்டைச் சும்மா கையில் திணித்து அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

"செரனா?" என்றாள் மாலதி. "ஏனுங்க, பையன் பேராட்டம் இருக்குது. அந்தக் காலத்துல சேரன்னு பஸ்சுதான ஓடுச்சு?"

"அது சேரன். இது செரன். நட்சத்திரம்னு அர்த்தம். புள்ளைக்கு அசுவினி. ஜோசியரு சே-ல ஆரம்பிக்கச் சொன்னாரில்ல, செ-ல ஆரம்பிச்சா கோவிச்சுக்கவா போறாரு?"

மாலதி குழந்தையைப் பார்த்து மெதுவாக "செரன்" என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சொன்னாள். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். அது நிஜமாகவே மனசிலிருந்து வந்தது. பிறகு கேட்டாள், "அப்ப உங்களுக்கு வேண்டியது, இந்த மலையில யாருக்கும் இல்லாத பேரு. அதானுங்களே?"

"அதேதான்."

"எந்தப் பேரா இருந்தாலுமா?"

"எந்தப் பேரா இருந்தாலும். வேற ஒருத்தருக்கும் இல்லைன்னா அதான் எம்புள்ள பேரு. முருகன் படத்துக்கு முன்னாடி நின்னு சொல்றேன்."

சொன்னபடியே போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றும் சொன்னான். மாலதி "சரிங்க" என்றாள்.

பேர் வைக்கிற நாள் வரை விஷயம் வெளியே போகக் கூடாது என்று மனைவிக்குக் கண்டிப்பாக உத்தரவு போட்டுவிட்டு, அவன் நேராகப் போய் டீக்கடை ஸ்டெபினிடம் சொன்னான். சந்தோஷம் தாங்கவில்லை, என்ன செய்வது.

அந்த வாரமே பாய்லர் வசந்தகுமார் கடைக்கு மைசூர்பாகோடு வந்தான். அவனுக்கும் பெண் குழந்தை. பேர் முடிவாகிவிட்டதாம். செரன். வனிதா, அதாவது அவன் பொண்டாட்டி, ஃபோனில் எங்கோ பார்த்தாளாம். வசந்தகுமார் மைசூர்பாகை விழுங்க முடியாமல் நின்றான். ஒரு செரன்தானே, எங்கோ தள்ளி ஓவேலி பக்கம் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனான். ஸ்டெபின் கிளாஸை வைத்துக்கொண்டே, தங்கச்சி ஹன்னாவின் குழந்தைக்கும் செரன் என்றே வைக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வதாகச் சொன்னான். பேரைத் தேடிக் கொடுத்ததற்கு நன்றியும் சொன்னான். வசந்தகுமாருக்கு மாலதி மேல் சந்தேகமே வரவில்லை. உளறியது தன் வாய்தானே என்று நொந்துகொண்டான்.

அவனை ஒரேயடியாகச் சாய்த்தது வாட்ச்மேன் எல்லப்பனின் நாய்க்குட்டி. ஃபேக்டரி கேட்டில் எல்லப்பன் "செரன், செரன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் சாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. புதுப் பேரு, இன்னும் பழகவில்லை என்றான் எல்லப்பன். அவன் கையில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசி இருந்தது. எங்கேயோ பார்த்த போசி மாதிரி இருக்கிறதே என்று வசந்தகுமாருக்குத் தோன்றியது. மகள் பேரை நாய்க்குட்டிக்கு வைத்துவிட்டார்கள் என்ற துக்கத்தில் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அதன் பிறகு அவன் ஃபோனும் கையுமாகவே இருந்தான். அவன் எந்தப் பேரைக் கண்டுபிடித்துச் சொன்னாலும், அந்தப் பேரில் ஒரு பிள்ளை எந்த எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறது, அது யார் பிள்ளை என்று மாலதி சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்த மலையில் அவளுக்குத் தெரியாத தொட்டில் கிடையாது.

பேர் வைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். விசேஷத்துக்கு எமரால்டிலிருந்து அக்கா தேவி வந்தாயிற்று. குழந்தை காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டியவள் அத்தை. என்ன பேருடா என்று அவள் கேட்க, இவன் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்தான்.

மாலதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, யாருக்கும் இல்லாத பேருதான வேணும்?"

"ஆமா."

"இந்த மலையில மூக்கம்மான்னு யாராச்சும் இருக்காங்களா, யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் யோசித்தான். நம் எஸ்டேட்டில் இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் இல்லை. அக்காவைக் கேட்டான், எமரால்டிலும் இல்லை. ஃபோனிலும் யார் யாரையோ கேட்டான். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், இல்லை என்றார்கள்.

"ஒருத்தர்தான் இருந்தாங்க," என்றாள் மாலதி. "அவங்களும் போயிட்டாங்க."

அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. அதில் தந்திரம் எதுவும் இல்லை. வசந்தகுமாருக்குத் தன் மாமியார் பிரசவத்துக்கு என்று முன்கூட்டியே பின்னி அனுப்பிய சின்னக் கம்பளிக் குல்லாய் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கு வெட்கமாக இருந்தது. முருகன் படம் வேறு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தேவி குழந்தையின் காதில் மூக்கம்மா, மூக்கம்மா, மூக்கம்மா என்று சொன்னாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. அந்த வாரம் லாரி ஆபீஸில் யாரோ "எந்த வசந்தகுமாரு?" என்று கேட்க, "மூக்கம்மா அப்பா" என்று பதில் வந்தது. எல்லாருக்கும் உடனே புரிந்தது. வசந்தகுமார் அன்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். தன் சபதம் ஒருவழியாக ஜெயித்துவிட்டது என்றே நம்பினான்.

தடுப்பூசி போடும் நாள் வரை அந்த நம்பிக்கை இருந்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பேர் கூப்பிட்டார். "தன்யஸ்ரீ" என்றதும் பாய்லர் வீட்டு வனிதா குழந்தையோடு எழுந்து போனாள். "எவ்லின்" என்றதும் ஸ்டெபினின் தங்கச்சி ஹன்னா எழுந்து போனாள். செரன் என்று யாரையும் கூப்பிடவில்லை. "மூக்கம்மா" என்றதும் இவன் எழுந்தான். திரும்பி வரும்போது ஃபேக்டரி கேட்டில் எல்லப்பன் "டேய் மணி" என்று ஒரு குரல் கொடுத்தான். நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது.

வசந்தகுமார் வீட்டுக்கு வேகமாக நடந்தான். உள்ளே வந்ததும், வனிதாவுக்கு என்ன கொடுத்தாய் என்று மட்டும் கேட்டான்.

"அந்தக் குக்கரை இனிமேல் கேக்க மாட்டேன்னு சொன்னேனுங்க," என்றாள் மாலதி. "எல்லப்பண்ணனுக்கு ஒரு வாரம் கருவாட்டுக் குழம்பு. ஸ்டெபினுக்கு ஒண்ணும் கொடுக்கல. சொன்னதுமே சிரிச்சுட்டு ஒத்துக்கிட்டான்."

குழந்தை ஊசி வலியில் வீறிட்டது. மாலதி அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எங்கம்மா பேரைச் சொல்லி அதட்ட எனக்கு வாய் வருமாங்க? ஊட்டுக்குள்ள கூப்புடறதுக்கு வேற ஒரு பேரு வேணுமில்ல. அழாதடி செரன். இந்த மலையில யாருக்கும் இல்லாத பேரு, அப்பா தேடிக் கொண்டாந்தது."