ஈர நாய்க்கு ஆள் தேவை

நாற்பத்து மூன்றாவது வயதில் சிரில் ஒரு முடிவுக்கு வந்தார். கிட்டார் கற்றுக்கொள்வது. அதுவும் இளவட்டங்களின் இரைச்சல் இசையான பங்க் கிட்டார். அதுவும் மனைவி மியூரியலுக்குத் தெரியாமல்.

எல்லாம் ஒரு வியாழக்கிழமை ஆரம்பித்தது. மகாராணியின் வெள்ளி விழாவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் ஸ்டாக்போர்ட் நகரத் தெருக்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. தொப்பி ஆலை விட்டு, சிப்ஸ் பொட்டலமும் கையுமாக வந்த சிரில், 'வாத்தும் வாளியும்' மதுக்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மாடியிலிருந்து சத்தம். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிற மாதிரி. அதற்குள்ளே எங்கேயோ ஒரு பாட்டும் இருந்தது. எப்படி இவ்வளவு சத்தம் எழுப்புகிறார்கள்? விரலை எங்கே வைக்கிறார்கள்? இருபத்திரண்டு வருடமாகத் தொப்பி விளிம்பு மடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்படி அரித்ததே இல்லை. சிப்ஸ் ஆறிப்போனது.

சிகரெட் பிடிக்க ஒரு பெண் இறங்கி வந்தாள். தலைமுடி பச்சை. காதில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு. பெயர் பாலின் பூஞ்சணம் என்றாள். முதல் பாதி அப்பா வைத்தது, மறுபாதி தானே வைத்துக்கொண்டது.

"எத்தன வருஷமாம்மா கத்துக்கற?"

"செவ்வாய்க்கெழமைலேருந்து."

சிரிலுக்குத் தலை சுற்றியது.

"எங்க குழு பேரு ஈர நாய். கிட்டார்காரன் இன்னியோட போறான். அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை மத்தியானம் புது ஆள் எடுக்கறோம். பேரப்புள்ளைங்க யாராவது இருந்தா அனுப்பு தாத்தா."

தாத்தா! சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் குழுவோடு மேடையில் ஒரே ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும் என்கிற ஆசை பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் அவர் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட மியூரியல்தான் முதலில் கேட்டாள்.

ஆலையில் ஒருவரிடம் சைக்கிளைக் கொடுத்து ஒரு பழைய கிட்டாரை மாற்றிக்கொண்டார். லீக்ஸ் என்கிற வெங்காயத்தாள் பயிரிடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே உட்கார்ந்து கம்பி எண்ணினார். மொத்தம் ஆறு. ஒன்பது நாள் எண்ணியும் ஒன்றும் நடக்கவில்லை.

பத்தாம் நாள், சாப்பாட்டு மேஜையில் ஈரலும் வெங்காயமும் வைத்துக்கொண்டே மியூரியல் கேட்டாள்.

"லீக்ஸ் நட எடது கை மட்டும் போதுமா?"

"ஏன்?"

"எடது கையில நாலு வெரல் நுனியும் கொப்புளம். வலது கை, மோதிரம் மாத்துன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு."

"எனக்கு எடது கைப் பழக்கம் வந்திருச்சு."

"நாப்பத்து மூணு வயசுலயா?"

"லீக்ஸ்னா அப்படித்தான்."

"சைக்கிள் எங்க?"

சிரிலின் சுருதி இறங்கியது. எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

"அதென்ன பங்கு?"

"பங்கு இல்ல மியூரியல், பங்க்."

"எதா இருந்தாலும் எனக்குப் பாதி உண்டு. சரி, அந்த ஈர நாய்க்கு எந்த மாதிரி ஆள் வேணுமாம்?"

"கிட்டார் வாசிக்கற ஆள்தான். இதுல கேக்க என்ன இருக்கு?"

வீடு இரண்டாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. அது மட்டுமா, மறுநாள் தான் வேலை பார்க்கும் சலவைக்கடையிலிருந்து திரும்பிய மியூரியல், ஆளே மாறிப்போயிருந்தாள். கையில் நூலகத்துப் புத்தகம், 'கிட்டார் முறையாகப் பயில'.

"செய்யறத ஒழுங்காச் செய்யி, என் ராசா. கொட்டகை எதுக்கு? கூடத்துலயே உக்காரு."

முட்டை வேகவைக்க மணி அடிக்கும் கடிகாரத்தைத் திருகி முன்னால் வைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்தால் டீ கிடையாது. தேவாலயத்துப் பியானோவுக்குக் கூட்டிப்போய்ச் சுருதி சேர்க்க வைத்தாள்.

"மறுபடி வாசி."

"வெரல் எரியுது மியூரியல்."

"எரியட்டும். மறுபடி."

போகப்போக சிரிலுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரே பிடியை மேலும் கீழும் நகர்த்தினால் வேறு வேறு சுரம் கொட்டுகிறது! இது ஏன் முன்பே யாரும் சொல்லவில்லை? ஆறு வாரத்தில் ஒரு தேவாலயப் பாட்டையே பிசிறில்லாமல் வாசித்தார்.

"ஆனா அவங்க சத்தம் மாதிரி வரலியே?"

"அதவிட நல்லாருக்கு," என்றாள் மியூரியல். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சிரில் உருகிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுக்கடை மாடியில் சிரில் வாசித்தார். மியூரியல் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். ஒரு சுரம் பிசகவில்லை. தாளம் நூல் பிடித்த மாதிரி போனது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அறையே துக்க வீடாக இருந்தது. டிரம்ஸ்காரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, நீ ப்ராக்டீஸ் பண்ணியிருக்க," என்றாள் பாலின், போலீஸ் குரலில்.

"ஆறு வாரம்!" என்றார் சிரில் பெருமையாக.

"சுருதி வேற சேத்திருக்க."

"தேவாலயத்துப் பியானோவுக்கு!"

"வாசிக்கத் தெரிஞ்சவங்க தொல்ல தாங்காமத்தான் நாங்க இத ஆரம்பிச்சதே. தப்பா நெனச்சுக்காத. அக்கா, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

அக்காவா! மியூரியல் சிரிலைவிட இரண்டு வயது மூத்தவள்.

"எதைப் பிடிக்கறதுன்னுகூடத் தெரியாதும்மா," என்றாள் மியூரியல். சொல்லும்போதே கம்பளிச் சட்டையைக் கழற்றியாகிவிட்டது.

கிட்டாரை முழங்கால் வரை இறக்கி மாட்டிக்கொண்டாள். ஒரு அடி. இன்னொரு அடி. எல்லாம் மேலிருந்து கீழே, அழுக்குத் துணியைக் கல்லில் அடிக்கிற வேகம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்று தெருவில் சிரிலை நிறுத்தி வைத்த அதே சத்தம்! பொறாமைப்படக்கூட மறந்து வாய் பிளந்து நின்றார் சிரில். பாலின் பாய்ந்து வந்து மியூரியலின் காலடியில் துப்பினாள். அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. மியூரியலும் திருப்பி மரியாதை செய்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கிட்டாரைச் சிரில்தான் சுமந்தார். மனசு அதைவிடக் கனமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியாத ஆள்தான் வேணும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ சொன்ன மறுநாளே பாலின் தொவைக்க வந்தா. கேட்டேன், சொன்னா."

சிரில் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அன்னிக்கு எனக்கும்தானே ஒண்ணும் தெரியாது!"

"ஆமா. தெரியாதவங்க வீட்டுல ரெண்டு பேரு, எடம் ஒண்ணு. அதான் ராசா, ஒனக்குக் கத்துக்குடுத்தேன்."