நல்லநேரம் அண்ணனும் வழியில் ஏறிய செய்மதிகளும்

1. குறித்த நல்லநேரத்தில் ட்ரோன் எழும்பியது.
2. காற்று அதைக் கோயிலின் பின்பக்கம் தள்ளியது.
3. அங்கேதான் அதற்குச் செய்மதிகள் கிடைத்தன. அந்த இடத்தையே தான் கிளம்பிய இடமாக அது குறித்துக்கொண்டது.
4. 'திரும்பி வா' பொத்தானை அழுத்தியதும், சமர்த்தாக அங்கேயே போய் இறங்கியது.
5. அங்கே சாம்பார் அண்டா இருந்தது.

உலகத்திலேயே ட்ரோனுக்கு ராகுகாலம் பார்த்த ஒரே மனிதர், கெலிஓயாவில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவின் முதலாளிதான். கண்டியைச் சுற்றிக் கல்யாண வீடியோ எடுப்பவர். ஊருக்கு அவர் நல்லநேரம் அண்ணன். நான் இலத்திரனியல் படித்தவள்; ட்ரோனைப் பராமரிப்பதும் அவரிடம் பேசித் தோற்பதும் என் பொறுப்புகள்.

மலைகளுக்கு நடுவே ஜி.பி.எஸ். செய்மதிகள் பிடிபடக் கொஞ்சம் நேரமெடுக்கும். அதுவரை ட்ரோனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. காற்று சொல்லும் பக்கம் போகும்.

"அண்ணே, செய்மதி இன்னும் வரல. பொறுங்க."

"நல்லநேரம் பொறுக்குமா தங்கச்சி? நாம கிளம்புவோம். செய்மதி வழியில ஏறிக்கட்டும்."

"எங்க இருக்கோம்னே தெரியாமப் போகும்ண்ணே."

"நானும் அப்பிடித்தான் தேயிலைத் தோட்டத்துல இருந்து கண்டிக்கு வந்தேன். வந்து சேரலையா?"

பல்லேகலயில் ஒரு புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, ட்ரோன் பக்கத்து வீட்டுப் பலாமரத்தில் குடியேறியது.

அக்குறணையில் ஒரு கடைத் திறப்பு. "நாங்க நேரமெல்லாம் பாக்கிறல்ல தம்பி," என்றார் கடைக்கார ஹாஜியார்.

"நீங்க பாக்கத் தேவல்ல ஹாஜியார். ட்ரோன் பாக்கும்."

ட்ரோன் தெருவைத் தாண்டி மிதந்து, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை மிக அழகாகப் படமெடுத்துவிட்டு அதிலேயே மோதியது. எதிர்க்கடைக்காரர் ஒரு பிரதி கேட்டார்.

பிறகு அண்ணனின் தங்கை செல்விக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர் அண்ணன்தான். நகை, புடவை எதற்கும் வாய் திறக்காத பெண் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: தாலியோடு கோயிலை விட்டு வெளியே வரும்போது வானத்திலிருந்து பூ விழ வேண்டும். அண்ணன் சத்தியமே செய்திருந்தார்.

அன்றும் நான் கெஞ்சினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூப்பை கட்டிய ட்ரோன் எழும்பியது. மிச்சத்தை மேலே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

"ஐயோ, சாம்பார்ல ரோசாப்பூ விழுதுடோய்!" என்று பின்னால் சமையல்காரர் அலறினார்.

அண்ணன் ரிமோட்டைப் பிடித்தபடி அண்டா அருகே நின்றார். முதன்முறையாக நேரம் பார்க்க மறந்திருந்தார். செல்வி மாலையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பூத் தூவத்தானே சொன்னேன்? தாளிக்கச் சொன்னேனா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மாலை உதிர்ந்தது. அண்ணன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, மிச்சமிருந்த பூவையெல்லாம் கையாலேயே அவள் தலையில் கொட்டினார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு வாதாடுவதில்லை. கோயில் ஐயரைப் பிடித்துவிட்டேன். இப்போதெல்லாம் ஐயர் எங்கள் ட்ரோனுக்கு இரண்டு நேரம் குறித்துத் தருகிறார்: விசையைப் போட ஒன்று, எழும்ப ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் செய்மதிகள் எல்லாம் வந்துவிடுகின்றன. "பாத்தியா, ஐயர் சொன்னா வானமே கேக்குது," என்கிறார் அண்ணன்.

வரும் தையில் எனக்குக் கல்யாணம். ஐயர் மூன்று நேரம் குறித்திருக்கிறார். முதல் இரண்டும் ட்ரோனுக்கு, தாலி மூன்றாவது. கோயில் வாசலில் ஒரு கதிரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.