பதினான்கு முறை கேட்ட மாமா

திருச்சி,
16-9-1958

கண்ணியமும் பிரியமும் நிறைந்த மாமா அப்துல் மாலிக் அவர்களுக்கு, அக்காள் மகள் வஹீதா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பினாங்கில் தங்கள் சுகத்துக்கும் கடையின் பரக்கத்துக்கும் துஆச் செய்கிறோம்.

மீலாதுக்காகத் தாங்கள் இயற்றிய முனாஜாத்து, அந்த ஏழு பாட்டு வேண்டுதல், வந்து சேர்ந்தது. தொடக்கத்திலேயே "அறியாதவன் பாடினேன், குற்றம் இருந்தால் கற்றவர் திருத்துக" என்று எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டில் ஐந்தாம் பாரம் படிப்பவள் நான் ஒருத்திதான், ஆகவே அன்றே உட்கார்ந்து திருத்தத் தொடங்கிவிட்டேன். அறுசீர் விருத்தம் என்றால் அடிக்கு ஆறு சீர் வர வேண்டும், தாங்கள் கப்பலேறிய நாளைச் சொல்லும் இரண்டாம் பாட்டின் மூன்றாம் அடியை நான் விரல்விட்டும் புளியங்கொட்டை வைத்தும் எண்ணிவிட்டேன், ஐந்துதான் இருக்கிறது, அதனால் "நன்றாக" என்று ஒன்று சேர்த்தேன். நான்காம் பாட்டில் கடல், உடல், மடல் என்று எதுகை அழகாக வந்துகொண்டிருக்க, கடைசி அடி மட்டும் யாரோ போல நின்றது, அங்கே "திடல்" போட்டேன். கப்பல் இப்போது திடலில் நிற்கிறது, ஆனால் எதுகை சரி. ஏழு பாட்டிலும் முடிவில் "கரை சேர்ப்பாய் ரஹ்மானே" இரண்டிரண்டு தடவை, மொத்தம் பதினான்கு. ஒரு தடவை கேட்டாலே அவனுக்குக் கேட்காதா என்று பதின்மூன்றை எடுத்துவிட்டேன். உம்மாவிடம் சொன்னேன். "உங்க மாமா சின்னதுலயே ஒரு மிட்டாய்க்குப் பத்து தடவை கேக்கும். போய் அரிசியைக் களை" என்றார்கள்.

சனிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள் தங்கள் பதில் வராது என்பதால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்கிறேன். மாமிக்கு ஸலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

அன்பு மருமகள்,
வஹீதா

பி.கு. தபால்தலை வாங்க மறந்து, கடிதம் வெள்ளிவரை என் புத்தகத்துக்குள் இருந்துவிட்டது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பாடிப் பழகப் பெண்கள் நம் வீட்டில் கூடினார்கள். அடுத்த வீட்டு சாரா பீவி மாமி என் பிரதியைப் பார்த்து முதல் பாட்டைப் பாடி நிறுத்தினார்கள். எல்லாரும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. "ஏம்மா வஹீதா, நாங்க சேந்து பாடுற எடத்தை எங்க கொண்டு போயி வச்சே?" என்றார்கள். ஓடிப்போய்த் தங்கள் தாளைக் கொண்டுவந்தேன். பதினான்கு தடவையும் வீடே பாடிற்று, நானும்தான். அச்சகத்துக்குத் தங்கள் தாளே போகிறது, "திடல்" இல்லாமல். அந்தக் குறைந்த சீர் வரும் இடத்தில், தங்களைக் கப்பலேற்றிய நினைவில் உம்மா மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். அதையும் நான் நிரப்பவில்லை.